பதினெட்டாவது வரி

பத்தொன்பது வருட உத்தியோகத்தில் ஸ்வர்ணலதாவுக்கு ஒரே ஓர் ஆசைதான் பாக்கி. தான் எழுதிய செய்தியால் ஒருவனாவது உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும். இதுவரை எழுதியதெல்லாம் செத்தவர்களுக்காக. லாக்கப்பில் செத்தவன், காட்டில் சுடப்பட்டவன், ஸ்டேஷன் வாசலில் சுருண்டு விழுந்தவன். விசாரணை வரும், அவளுக்கு ஒரு விருதும் வரும். ஆள் மட்டும் வரமாட்டான். அந்த விருதுகளை அலிபிரிப் பக்கத்து வாடகை வீட்டில், பீரோவுக்கு மேலே கண்ணில் படாத உயரத்தில் போட்டு வைத்திருந்தாள்.

நகரிப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். படித்தது தெலுங்கு, எழுதுவதும் தெலுங்கு. திருப்பதியில் ஒரு தெலுங்கு நாளிதழுக்குப் போலீஸ் செய்தி பார்க்கிறாள். செம்மரம் வெட்ட வருகிறவர்களைப் பிடிக்கவென்று ஒரு தனிப்படை இருந்தது. கறுத்த உடம்பு, தோளில் ஒரு பை, வாயில் தமிழ், இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்துவிட்டால் அவர்களுக்குப் போதும். மரத்தைக் கண்ணால் பார்த்திராதவனையும் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்கள். இதை அவள் எழுதி எழுதிக் கை ஓய்ந்திருந்தாள்.

பச்சையம்மாள் அவளைத் தேடி வந்தது பிப்ரவரியில். ஜவ்வாது மலையடிவாரத்துக்காரி. கணவன் பழனி ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பியவன் திருப்பதியிலிருந்து போன் செய்திருக்கிறான். அதோடு சரி.

“சித்தூர் பஸ்ல குந்திக்கினேன், சாயந்தரம் வந்துடுவேன், கருவாட்டுக் கொழம்பு வையின்னாருக்கா. வச்சேன். மூணு நாளு சுட வச்சு சுட வச்சு வச்சிக்கினு இருந்தேன்.”

ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறி இறங்கிவிட்டு, அப்படி ஒருவனைப் பிடிக்கவே இல்லை என்ற பதிலோடு வந்திருந்தாள். ஊருக்கும் திரும்பவில்லை. திருச்சானூரில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிற வேலையில் சேர்ந்துகொண்டாள். அவரு எங்க இருந்தாலும் இந்தப் பக்கமாத்தானே வரணும் என்றாள்.

ஸ்வர்ணலதா தன்னிடமிருந்த கைதுப் பட்டியல்களையெல்லாம் கொட்டிக் கவிழ்த்துத் தேடினாள். பழனி என்று ஏழு பேர் அகப்பட்டார்கள். ஏழும் வேறு ஊர், வேறு வயது. சிறை சிறையாகப் போன் போட்டாள். பழனியா, அப்படி யாரும் இல்லை. மார்ச் போனது, மே போனது, மழைக்காலமும் வந்தது.

வெள்ளிக்கிழமை தவறாமல் பச்சையம்மாள் ஷேர் ஆட்டோ பிடித்து ஆபீஸ் எதிரிலிருந்த டீக்கடைக்கு வந்துவிடுவாள். சேதி ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் வருவாள். ஊரில் எல்லோரும் அவன் செத்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள்; அவனை உயிரோடு இருப்பவனாக வைத்துப் பேச அவளுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. இருபத்தெட்டு நாளுக்கு ஒரு முறை, அணைந்து கிடக்கிற அவன் போனுக்கு ரீசார்ஜ் வேறு போட்டுக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல என்னைத்தானே கூப்புடுவாரு. நம்பரு செத்துப் போயிருந்தா என்னா நெனப்பாருக்கா?”

ஸ்வர்ணலதாவுக்கு வெட்கங்கெட்ட பொறாமை வந்தது. நாளைக்குத் தான் காணாமல் போனால் தன் நம்பரை யார் காப்பாற்றி வைத்திருப்பார்கள்? கோவர்த்தனன் என்று ஒருவன் இருந்தான். செய்தி, செய்தி என்று அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, ஆறு வருடம் பொறுத்து, வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பச்சையம்மாள் ‘அவரு’ என்று சொல்லும்போதெல்லாம், அப்படி ஒரு ஆளுக்காகத் தானும் ஏங்கிக் காத்திருக்கக்கூடாதா என்றிருந்தது.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பச்சையம்மாள் ஒரு ஜெராக்ஸ் காகிதத்தோடு வந்தாள். நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டு ரீசார்ஜ் கடைக்காரன் ஆதார் கொண்டுவரச் சொன்னானாம். ஊரில் கேஸ் கனெக்‌ஷனுக்குக் கொடுத்திருந்த நகலைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தாள். ஸ்வர்ணலதா சும்மாதான் வாங்கிப் பார்த்தாள். பழனி முனுசாமி என்றிருந்தது.

டீயைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

தமிழ்நாட்டுக் கார்டில் முதலில் ஆளின் பெயர், பின்னால் தகப்பன் பெயர். ஆந்திராவில் முன்னால் வருவது வீட்டுப் பெயர். பின்னால் வருவதுதான் ஆள். கார்டைப் பார்த்து எழுதிய ஸ்டேஷன் ரைட்டர் பழனியை வீட்டுப் பெயர் என்று நினைத்து ‘பி’ என்று சுருக்கியிருப்பார். ஆளை முனுசாமி ஆக்கியிருப்பார். தகப்பன் பெயர் கேட்டதற்கு இவனும் முனுசாமி என்றிருப்பான், அதையும் எழுதிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு வரியை அவள் எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

ஆபீஸுக்குள் ஓடிப் பழைய பக்கங்களைத் திறந்தாள். ஜனவரி. இருபத்தாறு பேர் கைது. பதினெட்டாவது வரியில் பி. முனுசாமி (34), தந்தை முனுசாமி. செய்திக்குக் கீழே ஸ்வர்ணலதா என்று அவள் பெயர்.

போலீஸ் தரும் செய்திக்குறிப்பு இலையில் பரிமாறி வைத்த சாப்பாடு மாதிரி, நிருபர் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதுதான். அன்றைக்கு அவளும் சாப்பிட்டிருக்கிறாள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். தன் பெயரையே தன் பிள்ளைக்கு வைத்த அப்பனை அவள் ஊரில் யாராவது பார்த்ததுண்டா? தெலுங்கு ரைட்டருக்கு அது உறைக்காமல் போகலாம். தமிழ் வீட்டில் பிறந்தவளுக்கு உறைக்க வேண்டாமா? தன்னைத் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

சிறைக்குப் போன் செய்து பி. முனுசாமியைக் கேட்டாள். “உன்னாடு மேடம்” என்றார்கள். இருக்கிறான்.

டீக்கடைக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள், தன் தப்பு உட்பட. பச்சையம்மாளுக்குக் காதில் ஏறியது ஒன்றுதான்.

“உயிரோட கீறாரா?”

“கீறாரும்மா.”

“துன்றாராமா?”

ஸ்வர்ணலதா கையோடு எடுத்து வந்த ஜனவரிப் பக்கத்தை நீட்டினாள். பச்சையம்மாள் அந்தப் பத்திரிகைப் பக்கத்தை வாங்கினாள். அவளுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. “இதுல எது அவரு?” என்று கேட்டாள். ஸ்வர்ணலதா காட்டிய வரியில் விரலை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

மறுநாள் செய்தி வந்தது. தன் தப்பிலிருந்துதான் அதை ஆரம்பித்திருந்தாள் ஸ்வர்ணலதா. நம்ம பெயரை நாமே கெடுத்துக்கொள்வதா என்று எடிட்டர் நாகபூஷணம் முனகினாலும் முதல் பக்கத்திலேயே போட்டார். வக்கீல் மோகனப்ரியா அதையும் கல்யாண போட்டோவையும் வைத்துக்கொண்டு வாதாட, ஆறு வாரத்தில் ஜாமீன் கிடைத்தது.

சிறை வாசலில் பழனி பாதி ஆளாக வந்து நின்றான். எழுதப் படிக்கத் தெரியாதவன். போனைப் பிடுங்கிவிட்டார்கள், நம்பரும் மனப்பாடமில்லை. பச்சையம்மாள் அவன் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தால், கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன் என்றாள். கணவன் மனைவி இரண்டு பேரையும் வேலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சித்தூர் வரைக்கும் ஸ்வர்ணலதாவும் கூடவே ஏறிக்கொண்டாள். ஒருவன் வீடு போவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பத்தொன்பது வருடமாக ஆசைப்பட்டவள் அல்லவா.

வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஒரு கான்ஸ்டபிள் ஏறி, வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து பழனியிடம் நின்றான்.

“பேரேமி?”

பழனி விருட்டென்று எழுந்து கைகளைக் கட்டிக்கொண்டான். “முனுசாமி, சார்.”

கான்ஸ்டபிள் ஆதாரை வாங்கிப் பார்த்தான். பழனி முனுசாமி. அவன் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. கார்டைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

பஸ் கிளம்பியது. பழனி உட்காரவில்லை. யாராவது சொன்னால்தான் உட்காருவான் போல, கட்டிய கையோடு நின்றிருந்தான். ஸ்வர்ணலதா கண்டக்டரைக் கூப்பிட்டுத் தனக்கும் வேலூர் வரைக்கும் டிக்கெட் வாங்கினாள்.

பக்கத்தில், கட்டிய புருஷனின் பெயரை வாயால் சொல்லாத ஊர்க்காரியான பச்சையம்மாள் அவன் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

“பழனி.”

அவன் திரும்பவில்லை. பச்சையம்மாள் இன்னொரு முறை கூப்பிட்டாள்.