இரண்டாம் உலைக்கு உயர்ந்த கைகள்

கெர்லிண்ட் கோட்மன் ஒரு வார்ப்பிரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுபவள். தொழிலாளர்கள் வாக்களித்து அவளை நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். நிர்வாகத்தைக் கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை. முன்பெல்லாம் காபி குடித்து, கேக் தின்று, தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம் என்று உடோ அவளிடம் சொல்லியிருந்தான். அவன் தொழிலாளர் மன்றத் தலைவன். குழுவில் பழைய ஆள்.

அன்று கேக்கை யாரும் தொடவில்லை. இரண்டாம் உலையின் உள்சுவர் தேய்ந்துவிட்டது, ஆனால் ஆலையை விற்று முடிக்கும்வரை அதை அணைக்க முடியாது என்றார் நிர்வாக இயக்குநர். பழுதுவேலையை ஈஸ்டர்வரை தள்ளிப்போடக் குழு சம்மதிக்க வேண்டுமாம்.

"இதெல்லாம் எங்ககிட்ட கேட்டதே இல்லையே. இப்ப மட்டும் ஏன்?" என்றாள் கெர்லிண்ட்.

குழுத் தலைவர் ஃபோல்க்மார் ராய்ஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "காலம் மாறிப்போச்சு, திருமதி கோட்மன். எங்களுக்குத் தெரியாதுன்னு சொன்னா இனிமே எந்தக் கோர்ட்டும் கேக்காது. அதான் எல்லாரும் தெரிஞ்சுகிட்டு, சேர்ந்து முடிவெடுக்கறோம்."

கைகள் உயர்ந்தன, உடோவின் கையும். கெர்லிண்டின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

வெளியே உடோ அவளை வழிமறித்தான். "வெளியில மூச்சு விட்டுடாத. ரகசியத்தை உடைச்சா வழக்கு வரும். வித்தாத்தான் எல்லாருக்கும் வேலை நிலைக்கும்."

"உலைகிட்ட நிக்கறவன் நிலைக்க வேணாமா?"

அவன் படியிறங்கிப் போய்விட்டான்.

மறுநாள் காலை உலைக்கூடத்தில் மேஸ்திரி கெரிம் அவளைப் பார்த்துச் சிரித்தான். "வாங்க மேலிடம். கீழ இறங்கி வர நேரம் கிடைச்சுதா?"

"விளையாடாத கெரிம். ரெண்டாவது உலைச் சுவர் தாங்காது, இரும்புக் குழம்பு உடைச்சுகிட்டு வந்துடும். ஆளுங்களை வெளிய கூட்டிட்டுப் போ."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. அலுவலகத்துக்குப் போன் செய்துவிட்டுத் திரும்பி வந்தான். "உனக்கு உடம்பு சரியில்லையாம். வீட்டுக்கு அனுப்பச் சொல்றாங்க."

அவள் வாசலுக்கு வந்து, அரசுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் போட்டாள். பிற்பகலில் அதிகாரிகள் வந்து உலையை அணைக்க வைத்தார்கள். ஆறிய பிறகு பார்த்தால், ஓரிடத்தில் சுவர் கட்டைவிரல் கனம்கூட இல்லை.

ஆலையை வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள். ரகசியத்தை உடைத்தாள் என்று நீதிமன்றம் கெர்லிண்டைக் குழுவிலிருந்து நீக்கியது. உணவுக்கூடத்தில் அவள் உட்கார்ந்த மேஜையில் பேச்சு அடங்கிப்போகும்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை கெரிம் அவளைப் போனில் கூப்பிட்டான். பின்னணியில் உலை இரைந்தது.

"மொத உலையோட வெளித்தகடு சிவக்குது, கெர்லிண்ட். உங்க பழைய குழுவுல என்ன சொல்றாங்க?"

"நான்தான் அங்க இல்லையே."

"உடோ போனை எடுக்க மாட்டேங்கறான்."

"அப்ப யாரையும் கேக்காத. ஆளுங்களைக் கூட்டிட்டு வெளிய ஓடு."

இணைப்பைத் துண்டித்துவிட்டுப் பாதுகாப்பு அலுவலகத்தின் எண்ணை அழுத்தினாள். விடுமுறை நாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.