இருபத்துநாலாவது லாரி

இருபத்துநாலு பேர் உட்காரும் பெஞ்சில் இருபத்துநாலு பேரை உட்காரவைத்து, கடைசி ஆளுக்கு மட்டும் இடம் இல்லை என்றால் நீங்கள் எதைச் சந்தேகப்படுவீர்கள்? நான் பெஞ்சைத்தான் சந்தேகப்பட்டேன். அதைச் செய்தவன் நான்.

1989. நாமக்கல்லில் சேலம் ரோட்டு மேல் ஒரு லோடு புக்கிங் ஆபீஸ். லாரிகள் வந்து நின்ற வரிசைப்படிதான் லோடு கொடுப்பார்கள். அந்த வரிசையை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும் என்று மேனேஜர் கருப்பண்ணன் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து என்னை வரவழைத்திருந்தார். சி ப்ளஸ் ப்ளஸ் என்ற புது கம்ப்யூட்டர் மொழியை, ஒரு ஜெராக்ஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு நானே படித்திருந்தேன். சந்தேகம் கேட்க யாரும் இல்லை.

அந்த மொழியில் ஒவ்வொரு லாரியையும் ஒரு பொருளாக எழுதலாம். தன் நம்பரையும் டிரைவர் பேரையும் அதுவே வைத்துக்கொள்ளும். ஆபீஸ் வாசலில் இருபத்துநாலு வண்டிதான் நிற்கும். அதனால் இருபத்துநாலு இடம் உள்ள ஒரு அரே போட்டேன். அரே என்றால் வரிசை. அதில் முதல் இடத்துக்கு எண் பூஜ்யம், கடைசி இடத்துக்கு இருபத்துமூன்று.

லிஸ்டைக் கம்ப்யூட்டரில் அடிப்பதும் டிரைவர்களுக்குச் சத்தமாக வாசிப்பதும் சென்னியம்மாள். பதினைந்து வருடம் அந்த நோட்டை எழுதியவர்.

கம்ப்யூட்டர் லிஸ்ட் தொடங்கிய நாலாம் நாள் மதியம் டிரைவர் காத்தான் என் மேஜைக்கு வந்தார். அன்றுதான் முதல் தடவையாக வாசல் நிறைந்திருந்தது, அவர் வண்டிதான் இருபத்துநாலாவது. முன்னால் நின்ற எல்லா வண்டியும் போயாகிவிட்டது. அவர் பேர் வராமலே லிஸ்ட் முடிந்திருந்தது.

"ஏனுங்க சார், என்ற வண்டிய மட்டும் உங்க மிசினு கூப்பிட மாட்டீங்குதே. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனுங்களா?"

பொழுது சாய்வதற்குள் லோடு ஏறாவிட்டால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவேன் என்று எருமப்பட்டியிலிருந்து லாரி ஓனர் போன் செய்திருந்தாராம். கருப்பண்ணனிடம் போனேன். லிஸ்டில் இல்லாத வண்டிக்குக் கொடுத்தால் அடுத்த லிஸ்டுக்குக் காத்திருக்கும் டிரைவர்கள் விடமாட்டார்கள், காரணத்தைக் காட்டினால் கொடுக்கிறேன் என்றார்.

அரேயைத் திறந்து பார்த்தேன். பூஜ்யமாவது இடத்தில் லாரி நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் '2' இருந்தது. டிரைவர் பேர் இல்லை. லாரிப் பொருளை உண்டாக்கும்போதே மெமரியில் பழசாகக் கிடந்த குப்பை எண் சேர்ந்துவிட்டதோ என்று அந்த வரிகளை அழித்து மறுபடி எழுதினேன். சோதித்துப் பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் இருபத்துநாலு பேரின் பெயர்களை நானே டைப் அடித்தேன். எல்லோரும் லிஸ்டில் நின்றார்கள். சென்னியம்மாளை அதே பேர்களை அடிக்கச் சொன்னேன். '2' திரும்ப வந்தது. கடைசி ஆளைக் காணோம். நான் அடித்தால் சரி, அவர் அடித்தால் தப்பு. இரண்டு பேர் கையும் ஒரே கீபோர்டில்தான்.

இப்படி மூன்று மணி நேரம் போயிற்று. கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரலைப் பார்த்தேன். முதல் வரியில் '2' அடித்து, கண்ணை ஒருமுறை மூடித் திறந்து, அடுத்த வரிக்குப் போனார்.

"இது என்னங்க?"

"பிள்ளையார் சுழிங்க சார். அந்த எழுத்து இதுல இல்லீங்களே, ரெண்டுதான் பாக்க அதாட்டம் இருக்குது. சுழி போடாம எப்புடீங்க எழுதறது?"

வாசிக்கும்போது அந்த வரியைத் தாண்டி வாசித்திருக்கிறார். நோட்டில் அப்படித்தானே செய்வார்கள்.

காத்தான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளையாரு லைசென்சு இல்லாம என்ற எடத்துல வண்டிய நிறுத்தீட்டாருங்களா?" என்றார். சென்னியம்மாள் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

சென்னியம்மாள் மேல் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடம் நிறைந்த பிறகு ஒரு லாரி வந்தால் சத்தம் போடு என்று நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. என் புரோகிராம் சத்தமில்லாமல் காத்தானைக் கீழே விட்டுவிட்டது. ஆனால் பிள்ளையாருக்கும் ஒரு இடம் வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது?

கருப்பண்ணனிடம் காட்டினேன். ஒத்துக்கொண்டார். ஆனால் லோடு ஏற்றுகிறவர்கள் ஐந்து மணிக்கே போய்விட்டார்கள். காலையில் முதல் லோடு அந்த வண்டிக்குத்தான் என்றார். காத்தான் ஓனருக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேசியதை வெகு நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "சரிங்க" என்று வைத்தார். நான் அரேயை இருபத்தைந்தாக மாற்றினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்த லாரி முட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் போனது. ஓட்டிப்போனது வேறு டிரைவர்.