எட்டாயிரத்துக்கு மூன்று குறைவு

வட்டப் புள்ளிவிவர அலுவலகத்தில் அவளை எல்லாரும் கணக்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலதிகாரிக்கு அவளைவிடப் பத்து வயது கூட. அவருக்கும் அவள் அக்காதான். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை அந்த வட்டத்தின் விவரக் குறிப்பை எழுதுகிறவள் அவள். எத்தனை வீடு, எத்தனை தலை, எத்தனை பேர் உருளைக்கிழங்கு போடுகிறார்கள், எத்தனை பேர் பால் பண்ணைக்கும் மர ஆலைக்கும் போகிறார்கள், எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மாடு மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம். மாட்டையும் சேர்த்து எண்ணச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. மக்கள்தொகை எட்டாயிரத்துக்குக் கீழே இறங்கினால், வட்ட மருத்துவமனையில் இருக்கும் இரண்டு டயாலிசிஸ் இயந்திரங்களும் பக்கத்து வட்டத்துக்குப் போய்விடும். அங்கே போக பஸ்ஸில் மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். அந்த இயந்திரத்தில் வாரம் மூன்று நாள் படுத்து எழுந்திருப்பவர்கள் ஒன்பது பேர். ஒன்பதில் ஒருவன் அவளுடைய கூடப் பிறந்த தம்பி.

தம்பி வீடு அவள் வீட்டுக்கு அடுத்த வீடு. அவள் ஒண்டிக்கட்டை. படுக்கை மட்டும்தான் தன் வீட்டில். சாப்பாடு எத்தனையோ வருஷமாகத் தம்பி வீட்டில். மாதம் பிறந்தால் அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போட்டுவிடுவாள். யாரும் யாருக்கும் பாரமில்லை. தம்பி மனைவி பரிமாறிக்கொண்டே வம்பு பேசுவாள், இவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பாள். அது பாட்டுக்கு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கணக்கெடுப்பு வந்தால் அலுவலகத்து ஆட்களோடு பள்ளிக்கூடம், நூலகம், மாட்டு ஆஸ்பத்திரி என்று எல்லா இடத்திலிருந்தும் ஆளைப் பிடித்துப் போடுவார்கள். இருபத்திரண்டு பேர். தன் தெருவைத் தானே எண்ணக் கூடாது என்பது விதி. அதனால் கணக்கக்கா ஆற்றுக்கு அந்தப் பக்கம் போனாள். அவள் தெருவுக்கு ஓவிய வாத்தியார் வந்தார். வேலை முடிந்து மாலையில் போவதுதான் எல்லாருக்கும் வழக்கம்.

முதல் நாளே வந்தது வினை. சாப்பிட உட்கார்ந்தவளிடம் தம்பி மனைவி பெருமையாகச் சொன்னாள், இன்றைக்கு வாத்தியார் வந்தார், நம் வீட்டில் நாலு பேர் என்று எழுதிக்கொண்டு போனார் என்று. தம்பி, அவன் மனைவி, மகள், மகன். மகன் நகரத்துக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே அறை எடுத்துத் தங்கி, ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான்.

கணக்கக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பையனை நகரத்திலும் எண்ணுவார்கள், ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பதைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடும், ஒரு பொய்த் தலை பிடிபட்டால் வட்டத்தின் மொத்தத் தாளையும் தள்ளிவிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னாள். தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒரு தலை கூடினா யாருக்கு நல்லது அண்ணி? உங்க தம்பிக்குத்தானே?"

"அவனுக்காகத்தான் சொல்றேன். பேரை எடுத்துடு."

"என் புள்ள பேரை என் வாயால எடுக்க மாட்டேன்."

நடுவில் மாட்டிக்கொண்ட தம்பி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். மறுநாள் கணக்கக்கா ஓவிய வாத்தியாரிடம் வீட்டு எண்ணைச் சொல்லி, பையன் ஊரில் இல்லை என்று பேரை அடிக்கச் சொல்லிவிட்டாள். நாலு மூன்றானது. அன்று மாலை தம்பி வீட்டு வாசல் வரை போனாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. திரும்பி வந்துவிட்டாள். அன்றிலிருந்து தன் வீட்டிலேயே ஒரு டம்ளர் அரிசி பொங்கித் தின்றாள். பழக்கம் விட்டுப்போனதில் ஒருநாள் குழைந்தது, ஒருநாள் அடிப்பிடித்தது. பதினோரு நாள் அப்படியே ஓடிற்று. வயிற்றுக்குக்கூட ஒன்றுமில்லை, வம்பு கேட்காமல் அவளுக்குக் காதுதான் பசித்தது.

எல்லாத் தாளும் வந்து சேர்ந்தன. ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து கூட்டினாள். ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூட்டினாள். அதே எண். மேலதிகாரி பார்த்துவிட்டு, மூன்று பேர்தானே அக்கா என்று இழுத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் அந்த ஒன்பது பேரையும் தெரியும். ஆனாலும் கணக்கக்கா தலையை ஆட்டவில்லை. தம்பி பையன் பேரை அடித்த கையால் வேறு மூன்று பேரை எப்படி எழுதுவது? அன்று தம்பிக்கு மருத்துவமனை நாள். போய்வந்தால் அவன் முகம் வெளிறி, மாடி ஏற இரண்டு தரம் நிற்பான். அதோடு ஆறு மணி நேரம் பஸ் வேறு. ஒரு தப்பாவது கிடைக்காதா என்று பூட்டிக் கிடந்த வீடுகளின் பட்டியலை எடுத்தாள்.

பூட்டிய வீட்டுக்கு மூன்று நாள் போக வேண்டும்; மூன்று நாளும் பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் விசாரித்துவிட்டு 'ஆளில்லை' என்று எழுதலாம். நூற்று நாற்பது வீடு அப்படி இருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தவள், தன் தெருவில் நின்றாள். தன் வீட்டு எண். எதிரே வாத்தியாரின் அழகான கையெழுத்து: 'ஆளில்லை. மூன்று மாலையும் பூட்டு. அடுத்த வீட்டில் விசாரித்ததில், அங்கே யாரும் இல்லை என்றார்கள்.'

அவள் வீடு மூலைவீடு, ஒரு பக்கம் காலி மனை. அடுத்த வீடு என்றால் ஒரே வீடுதான்.

கணக்கக்கா அழுகிற ரகம் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இத்தனை வருஷம் ஒரே சட்டியில் தின்றவளை இல்லை என்று சொல்ல எப்படி வாய் வந்தது? கோபத்தைவிட அந்தச் சந்தேகம்தான் குடைந்தது, ஒருவேளை நிஜமாகவே தான் அங்கே யாருமில்லையோ என்று.

அப்புறம் கணக்கு மூளை விழித்துக்கொண்டது. அவளும் மாலையில் எண்ணப் போனாள், அவள் வீட்டுக்கு வந்தவரும் மாலையில்தான் வந்தார். அப்படியானால் எண்ணப் போன அத்தனை பேர் வீட்டிலும் மாலையில் பூட்டுத்தானே? வீட்டில் வேறு ஆள் இருந்தால் கதவைத் திறந்திருப்பார்கள். தனியாக இருப்பவர்கள்? இருபத்திரண்டு பேரின் விலாசத்தையும் எடுத்து ஒப்பிட்டாள். நூலகத்து அம்மாள், 'ஆளில்லை'. மாட்டு ஆஸ்பத்திரி கம்பவுண்டர், 'ஆளில்லை'. அவள், 'ஆளில்லை'. ஊரையெல்லாம் எண்ணியவர்களை எண்ண மறந்திருந்தார்கள்.

அக்கம்பக்கத்தார் 'இப்போது ஆளில்லை' என்றதை 'ஆளே இல்லை' என்று எழுதிவிட்டார்களா என்று மேலதிகாரி சிரித்துச் சிரித்து இருமினார். ஞாயிற்றுக்கிழமை மூன்று வீட்டுக்கும் முதலில் எண்ணப் போனவர்களே மறுபடி போகட்டும் என்று உத்தரவு போட்டார். தன் அடுத்த வீட்டில் அப்படிச் சொன்னது யார் என்று கணக்கக்கா மூச்சு விடவில்லை.

ஞாயிறு காலை பத்துக்குள் இரண்டு செய்தி வந்துவிட்டது. நூலகத்து அம்மாள் பூனையையும் சேர்க்கச் சொல்லி வழக்காடிவிட்டு ஒன்றுக்கு ஒப்புக்கொண்டாளாம். கம்பவுண்டர் ஒன்று. ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. ஓவிய வாத்தியார் பையோடு அவள் வாசலில் வந்து நின்றார். இது உங்கள் வீடென்று தெரியாமல் போயிற்றே என்று குழைந்தார். அந்தச் சத்தத்துக்குத் தம்பி மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள். வாத்தியார் வெள்ளந்தி, அவளிடமே கேட்டுவிட்டார்.

"என்னம்மா, அன்னிக்கு இங்க யாரும் இல்லன்னுட்டீங்களே? இந்த ஒரு தலை இல்லன்னா மிஷின் ரெண்டும் போயிருக்கும் தெரியுமா?"

அவள் முகம் சுண்டிப்போனது. புருஷன் படுத்து எழும் இயந்திரத்தைத் தன் வாயாலேயே தள்ளிவிடப் பார்த்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணக்கக்காவைப் பார்த்தாள். கணக்கக்கா வாத்தியாரைப் பார்த்து, நீங்கள் கேட்க வேண்டியதைக் கேளுங்கள் என்றாள்.

நூற்றைம்பது வீட்டில் அவள் கேட்ட கேள்விகள்தான். கேட்கும்போது ஒன்றும் தெரியவில்லை; பதில் சொல்லும்போது ஒவ்வொன்றும் கனத்தது. வீட்டில் எத்தனை பேர்? ஒன்று. திருமணம்? இல்லை. பிள்ளைகள்? இல்லை. வாத்தியார் தாளைப் புரட்டினார். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம், கூரை இரண்டானாலும் தாள் ஒன்றுதான் என்பது கணக்கெடுப்பு விதி.

"கணக்கு தொடங்கின அன்னிக்கு உங்களுக்கு எங்க சாப்பாடு அக்கா?"

அன்றைக்குத்தான் அந்தச் சண்டை. இறங்காத அந்தச் சோறு தம்பி வீட்டுச் சோறுதான். பையன் பேரோடு மல்லுக்கட்டியதில் அன்று அவளுக்குத் தன் பேர் நினைவுக்கே வரவில்லை. விதிப்படி பதில் அவளுக்குத் தெரியும். ஆனால் எந்த முகத்தோடு சொல்வது? தன் வீட்டில்தான் என்று சொன்னாலும் கூட்டுத்தொகை மாறாதே, எங்கே எழுதினால் என்ன என்றுகூட நினைத்துவிட்டாள்.

"எங்க வீட்டுலதான்" என்றாள் தம்பி மனைவி. "அன்னிக்கு மட்டுமில்ல, எப்பவும் எங்க வீட்டுலதான். அவங்களுக்குத் தனித்தாள் எல்லாம் வேணாம் சார். எங்க தாள எடுங்க."

வாத்தியார் பையைத் துழாவி அடுத்த வீட்டுத் தாளை எடுத்தார். அடித்துத் திருத்திய மூன்று அதில் அசிங்கமாக நின்றது. அதையும் அடித்தார்.

"நாலுன்னு போடுங்க" என்றாள் தம்பி மனைவி, புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் மொதல்லயே நாலுன்னுதானே சொன்னேன்."