இரண்டு முறை வாங்கிய காய்கறி

எத்திராஜ் சமையல் கற்றுக்கொண்டது ஐம்பத்தெட்டு வயதுக்கு மேல்தான். பாடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் லேத் மிஷின் முன்னால் நின்றவர். ஓய்வு பெற்ற மறுவாரம், மனைவி அனுசுயா ஒரு கையில் தலைவாரிக்கொண்டே மறு கையில் குழம்பைக் கிளறுவதைப் பார்த்தார். "நாளைலேர்ந்து இத நான் பாத்துக்கறேன். நீ கெளம்புற வேலையப் பாரு" என்று கரண்டியை வாங்கிக்கொண்டார்.

அனுசுயாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. மகன் உதயகுமாருக்கும் மருமகள் சௌம்யாவுக்கும் ஐ.டி. கம்பெனி. இருவருடைய அலுவலகமும் ஊரின் இரண்டு கோடியில். மேனாம்பேட்டு வீட்டிலிருந்து எட்டேகாலுக்குள் மூன்று பேரும் மூன்று பக்கமாகக் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் மூன்று டப்பா கட்டியாக வேண்டும்.

முதல் மாதம் அவர் வைத்த ரசத்தை வாயில் வைத்துவிட்டு அனுசுயா, "இன்னாங்க, புளியக் கரைச்சு அப்படியே ஊத்திட்டீங்களா?" என்றாள். ஆனால் லேத்தில் மயிரிழை அளவுக்கு இரும்பைச் சீவிய கை அது. ஆறு மாதத்தில் பக்குவம் பிடிபட்டுவிட்டது. வத்தக்குழம்பு எண்ணெய் பிரியும் நேரமும், அவரைக்காய் நிறம் மாறாமல் வேகும் பதமும் அவருக்குத் தெரிந்தன. டப்பாக்கள் பெரும்பாலும் காலியாகவே திரும்பி வந்தன. நன்றாக இருந்ததா என்று அவர் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை. ஆளுக்கொரு நேரத்தில் வந்து, ஆளுக்கொரு தட்டைப் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போவார்கள். யார்மேலும் குறை சொல்ல முடியாது. எல்லோருக்கும் அசதி.

எட்டேகாலுக்குக் கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் வீடு சட்டென்று பெரிதாகிவிடும். கூட வேலை பார்த்த தங்கராஜ் ஆவடிக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். மற்றவர்கள் எங்கெங்கோ. அதனால் ஒன்பது மணிக்குக் கட்டைப்பையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு எத்திராஜ் இரவுச் சமையலுக்கும் மறுநாள் டப்பாவுக்கும் காய் வாங்க மார்க்கெட்டுக்கு நடப்பார். அங்கே பொன்னியம்மா தரையில் சாக்கு விரித்துக் காய்கறி விற்றாள். அவரை ஒத்த வயது, வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், யாரையும் விட்டுவைக்காத நாக்கு.

"வா அண்ணாத்தே. இன்னிக்கு இன்னா கொழம்பு?"

"காரக்கொழம்பு வெக்கலாம்னு கீறேன்."

"அப்ப இந்தக் கத்திரிக்காய எட்த்துக்கோ. பிஞ்சு. நேத்து கொண்டுபோனியே பொடலங்கா, இன்னா பண்ண?"

புடலங்காயில் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்ததை அவர் விவரமாகச் சொல்வார். தேங்காயோடு சீரகம் வைத்து அரைத்தாயா என்று அவள் குறுக்கே கேட்பாள். பத்து நிமிடம்தான். கொசுறாகக் கறிவேப்பிலையைப் பையில் திணித்து அனுப்பிவைப்பாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் மார்க்கெட் வாசலில் கால் வழுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கியது. அன்றைக்கே சௌம்யா தன் போனில் ஏதோ தட்டிவிட்டு, "மாமா, இனிமே நீங்க அலையவே வேண்டாம். நைட்டே என்ன வேணும்னு சொல்லிடுங்க, நான் ஆர்டர் போட்டுடறேன். காலைல வீட்டுக்கே வந்துடும்" என்றாள். பாசத்தோடு சொன்னாள். அவரும் சரிம்மா என்றார்.

மறுநாளிலிருந்து காய்கறி வந்தது. காகிதப் பையில் கேட்டில் தொங்கியது. கொண்டுவந்தவரின் வண்டிச் சத்தம் மட்டும் தெரு முனையில் கேட்கும். கத்திரிக்காய் எல்லாம் ஒரே அளவு. கேரட்டில் மண் இல்லை.

முழங்கால் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. பை வருவது நிற்கவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு யாரோ தவறான எண்ணுக்கு அழைத்தார்கள். எத்திராஜ் போனை எடுத்து "ஹலோ" என்றபோது குரல் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. காலையிலிருந்து அதுதான் முதல் வார்த்தை என்பது அப்போதுதான் உறைத்தது. ராங் நம்பர் என்று அந்தப் பக்கம் வைத்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கட்டைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பொன்னியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னா, வழி தெரிஞ்சுதா? அன்னிக்குத் தக்காளி ரெண்டு அழுகிப் போச்சுன்னு கோச்சிகினு வேற கடைக்குப் போய்ட்டியோன்னு நெனச்சேன்."

"அதெல்லாம் இல்லம்மா. ஊர்ல இல்ல" என்று பொய் சொன்னார். வீட்டுக்கே வந்துவிடுகிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"சரி, இன்னிக்கு இன்னா கொழம்பு?"

அதைக் கேட்டதும் அவருக்கு மனம் நிறைந்துபோயிற்று. முருங்கைக்காய் சாம்பார் என்றார். ஒரு கட்டு முருங்கைக்காயும் அரைக் கிலோ அவரைக்காயும் வாங்கினார். இரண்டும் காலையில்தான் கேட்டில் தொங்கிய பையில் வந்திருந்தன.

அதுவே வழக்கமாயிற்று. இரவு சௌம்யாவிடம் பட்டியல் சொல்வார். காலையில் அது வந்துவிடும். ஒன்பது மணிக்குப் போய் அதையே இன்னொரு தரம் வாங்கி வருவார். ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டு பிதுங்கியது. பீன்ஸ் முற்றியது, கொத்தமல்லி கறுத்தது. கொஞ்சத்தைக் கூட்டிச் சமைத்தார், கொஞ்சத்தைத் தெருவில் வரும் மாட்டுக்குப் போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌம்யா ஃப்ரிட்ஜைத் துடைக்க உட்கார்ந்தாள். இரண்டு கட்டு முருங்கைக்காய், இரண்டு முட்டைக்கோஸ், ஒரே மாதிரி இரண்டு பூசணிக்கீற்று எல்லாவற்றையும் தரையில் எடுத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போனாள். எத்திராஜ் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார். படிக்கட்டில் இறங்கும்போது பேச்சு காதில் விழுந்தது.

"வாங்கினது மறந்து மறுபடியும் வாங்கறாரு. அப்பாவுக்கு மறதி ஆரம்பிக்குதோ?" இது உதயகுமார்.

"அன்னிக்குப் பால் பொங்கி வழியுது, அடுப்புக்கு முன்னாடியே நின்னுகினு கீறாரு. நாந்தான் ஓடிப்போய் அணைச்சேன்" என்றாள் அனுசுயா.

துணிகளை மார்போடு அணைத்தபடி எத்திராஜ் நடுப்படியில் நின்றார். உள்ளே போய் உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் என்னவென்று சொல்வது? மறதி என்றால் அது ஒரு வியாதி, பேர் இருக்கிறது, மருந்து இருக்கிறது. பேச ஆளில்லாமல் கத்திரிக்காய் வாங்கப் போனேன் என்று வளர்ந்த மகனிடம் எந்த அப்பன் சொல்லுவான்? வியாதியே கௌரவமாகப் பட்டது. "நாளன்னிக்கு டாக்டர்கிட்ட ஒருதரம் போய்ட்டு வந்துடலாம்ப்பா" என்று, அவர் இறங்கி வந்ததும் உதயகுமார் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, தலையை ஆட்டிவிட்டுத் துணி மடிக்க உட்கார்ந்தார்.

அனுசுயா ஒரு நாள் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தாள். டாக்டர் இளம்பெண், பொறுமையாகப் பேசினாள். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டாள். பூட்டு, ஆறு, மாம்பழம் என்று மூன்று வார்த்தை சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று ஆரம்பித்து, அவள் போதும் என்ற பிறகும் எத்திராஜ் இரண்டு வரை இறங்கிவந்தார். பூட்டு, ஆறு, மாம்பழம் என்பதையும் கேட்காமலே சொல்லிவிட்டார்.

டாக்டர் சிரித்தாள். "எனக்கே இவ்வளவு வேகமா வராது. அப்புறம் ஏன்ப்பா காய்கறிய ரெண்டு தடவ வாங்குறீங்க?"

அனுசுயா அவர் முகத்தையே பார்த்தாள்.

"மார்க்கெட்ல ஒரு அம்மா இன்னிக்கு இன்னா கொழம்புன்னு கேக்கும்" என்றார் எத்திராஜ். தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்குத்தான் போறது. போய்ட்டு எப்படி சும்மா வர்றது? அதான் வாங்கறது."

திரும்பி வரும்போது ஆட்டோவில் அனுசுயா அவர் பக்கம் திரும்பினாள்.

"எங்கிட்டச் சொல்லத் தோணல, இல்ல?"

"நீ வரும்போதே அசந்துபோய் வர. அப்ப வந்து இதச் சொல்லவா?"

"நானும் யார்கிட்டயும் பேசறதில்லங்க. நூறு மிஷின் ஓடற சத்தத்துல இன்னா பேசறது? நாள்பூரா கையக் கையக் காட்டித்தான் வேல வாங்கறேன். சாப்பாட்டு நேரத்துல டப்பாவத் தொறந்தா எல்லாருக்கும் போனு."

"எனக்குத் தெரியாதே."

"நீங்க கேக்கவே இல்லியே" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. கல்யாணமான நாளிலிருந்து வேலை நாளில், பட்டப்பகலில் இரண்டு பேரும் மட்டும் அந்த வீட்டில் இருந்தது எத்தனை முறை என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். எத்திராஜ் காலையில் வைத்த சாம்பாரைச் சுடவைத்தார், அப்பளம் பொரித்தார். அனுசுயா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்து சாப்பிட்டாள்.

"உப்பு கம்மி."

"இன்னிக்கா?"

"தெனமும் கம்மிதான்."

"ஒன்றர வருஷமா சொல்லவே இல்லியே!"

"டப்பாவக் கழுவறதுக்குள்ள மறந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். மூன்று மணிவரை கம்பெனிக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொண்டே சோபாவில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவர் சத்தம் போடாமல் பாத்திரங்களை எடுத்துவைத்தார்.

விஷயம் தெரிந்ததும் சௌம்யாவின் கண் கலங்கிவிட்டது. "நல்லதுன்னு நெனச்சுதான் மாமா செஞ்சேன்" என்றாள். தெரியும்மா என்றார் அவர். அந்தச் சனிக்கிழமை அவளே பையைத் தூக்கிக்கொண்டு கூட வந்தாள். பொன்னியம்மா அவளுக்கு வாழைப்பூ ஆயச் சொல்லிக்கொடுத்து, அவளுடைய நீளமான நகத்தைக் கேலி செய்து அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமை சௌம்யாவுக்கு ஆபீஸ் வேலை இருந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும். அனுசுயா முதல் வாரம் தினமும் ஒரு மணிக்குப் போன் செய்தாள். பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். கம்பெனியில் பெரிய ஆர்டர் ஒன்று வந்ததும் அதுவும் நின்றது. எத்திராஜ் அதை யாரிடமும் நினைவூட்டவில்லை.

தை பிறந்து சில நாளில், மார்க்கெட்டில் பொன்னியம்மாவின் இடம் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. மகளுக்குப் பிரசவம், வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். வெறும் பையோடு எத்திராஜ் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நாலு கடை தள்ளி, அய்யாசாமி என்ற கீரைக்காரர் ஈரச் சாக்குக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். யாரிடமும் அதிகம் பேசாத ஆள். எத்திராஜ் மெல்ல நடந்துபோய் அவர் முன்னால் குனிந்தார். அரைக்கீரைக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். என்ன கீரை என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்ததுதான்.

"இது இன்னா கீரைங்க?" என்று கேட்டார்.

அய்யாசாமி நிமிர்ந்து பார்த்தார். "அரக்கீர." பிறகு, வந்தவர் போகாமல் நிற்பதைப் பார்த்து, "பூண்டு தட்டிப் போட்டுக் கடையணும்" என்றார்.

"எவ்ளோ நேரம் வேக வெக்கறது?" என்று கேட்டுக்கொண்டே எத்திராஜ் எதிரே குத்தவைத்து உட்கார்ந்தார்.