துண்டுக்குக் கீழே

விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டியில் உதுமானைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அவர் வாயால் விலை சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை என்பார்கள். மற்ற தரகர்கள் தொண்டை வற்றக் கத்துவார்கள். இவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, வாங்க வந்தவர் கையின் மேல் போட்டு, அதற்குள் தன் கையை விட்டு விரலைப் பிடிப்பார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது பேசுகிற இரண்டு பேருக்குத் தெரியும். பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். விலை படியவில்லை என்றால் கையை உதறி எறிந்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்துப் போய்விடுவார்.

அந்த மனுஷருக்குத்தான் தீபாவளிக்கு முந்தின மழையில் பக்கவாதம் வந்து, வலது பக்கம் பூராவும் விழுந்துவிட்டது. பேச்சும் அதோடு போனது. இடது கை ஒன்றுதான் மிச்சம். அது மடியில் கிடக்கும், தானாக அசைவதில்லை.

மனைவி பைரோஜாவுக்குப் பேச்சு அவர் பங்குக்கும் சேர்த்து உண்டு. காலையில் பல் தேய்த்துவிடும்போது தொடங்கினால், குளிப்பாட்டி, கைலி கட்டி, இட்லியைப் பாலில் பிசைந்து ஊட்டி முடிக்கிற வரைக்கும் ஊர்க்கதை ஓடும். பக்கத்து வீட்டுக்காரி மோட்டாரை நிறுத்தாமல் தண்ணீரைத் தெருவில் விட்டது, பள்ளிவாசலில் புது மைக் போட்டது, முருங்கைக்காய் விற்கிற விலை, எல்லாம் வரும். பதில்தான் வராது. அவர் கண்கள் அவள் முகத்தில் இருக்கும், ஆனால் அவளைத்தான் பார்க்கிறதா, அவளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்க்கிறதா என்று சொல்ல முடியாது. மாதக்கணக்காகப் பூட்டின வீட்டின் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது அவளுக்கு. உள்ளே ஆள் இருக்கா இல்லையா என்பது ஒன்று தெரிந்தால் போதும், மிச்சத்தைத் தான் பார்த்துக்கொள்வேன் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்தினாள்.

மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் கட்டிலருகே நின்று, "பெரியவரே, ரெண்டு விரல் காட்டுங்க" என்றார். உதுமான் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஒரு விரல்?" அதற்கும் ஒன்றும் இல்லை. வெளியே வந்து பிள்ளைகளிடம், "நாம பேசுறது அவருக்குப் போய்ச் சேருதுன்னு உறுதியா சொல்ல முடியலை" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் அப்துல் ஹக்கீமுக்குச் சிவகாசியில் ஆப்செட் பிரஸ். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிப்பான், ஆடி பிறந்தால் காலண்டர் ஆர்டர். சீசனில் அவன் தலை தெரிவதே அபூர்வம். இளையவள் சுமைராவுக்குச் சென்னையில் கம்பெனி வேலை. இருவரும் கெட்ட பிள்ளைகள் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அம்மா தனியாளாக ஒரு ஆம்பிளையைத் தூக்கிப் புரட்டி இடுப்பு ஒடிந்துபோவதை அவர்களால் பார்க்க முடியவில்லை. மதுரையில் நர்சு வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தை விசாரித்து இடமும் பேசி வைத்திருந்தார்கள். அத்தா அங்கே, அம்மா சென்னையில். ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

"அத்தாவுக்கு எங்கன இருந்தாலும் ஒண்ணுதானேம்மா" என்று சுமைரா போனில் சொன்னாள். ஆசையாகத்தான் சொன்னாள். பைரோஜாவுக்கு அது ஊசி மாதிரி இறங்கியது. பிள்ளை சொல்வது பொய் என்று சொல்ல அவளிடம் எதுவும் இல்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை மாரிசெல்வி மீன் கொண்டுவந்தாள். ஆனைக்குட்டம் அணையில் பிடித்த கெண்டை, அலுமினியக் குண்டானில் இன்னும் வாலடித்துக்கொண்டிருந்தது. உதுமானை வெயிலுக்காக வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள் பைரோஜா. அவர் பக்கத்தில் நின்றுதான் பேரம்.

"கிலோ முந்நூறு, அம்மா."

"என்ன ஆத்தா, திமிங்கிலமா விக்கிறே? எரநூத்தம்பது வச்சுக்க."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் இடது கையை யாரோ பிடித்தார்கள். குனிந்து பார்த்தாள். முந்தானை நாற்காலிக் கைப்பிடி மேல் விழுந்து கிடந்தது. அதற்கு அடியில் உதுமானின் கை அவளுடைய இரண்டு விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தது. நரம்புதான் இழுத்துப் பிடிக்கிறது என்று நினைத்தாள். "இருங்க, வாரேன், ஒரு நிமிசம்" என்று இழுத்தாள். விடவில்லை. இரண்டு விரல், அதே இரண்டு.

மாரிசெல்வி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, அய்யாவுக்குக் கொழம்பு வச்சுக் குடுங்க. எரநூறு குடுங்க" என்றாள்.

கை விட்டுவிட்டது.

பைரோஜாவுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. மீன்காரி போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை, அதுவே அந்தத் தெருவுக்கு ஒரு அதிசயம். மீனை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி, கொடியில் கிடந்த அவருடைய பழைய துண்டை எடுத்து வந்தாள். தரையில் உட்கார்ந்து, அவர் கையின் மேல் துண்டைப் போட்டு, தன் கையை உள்ளே விட்டாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொல்கிற நேரம். வாயில் வந்ததைக் கேட்டாள்.

"சுபுஹு தொழுகைக்கு எத்தனை ரக்அத்து?"

இரண்டு விரலைப் பிடித்தார்.

"லுஹருக்கு?"

நான்கு.

"அஞ்சுதானே?" என்றாள் வேண்டுமென்றே.

உதுமான் அவள் கையை உதறி எறிந்தார். மண்டியில் ஏமாற்ற வந்தவன் கையை எறிகிற அதே எறி. பைரோஜா சிரித்தாள், சிரிப்பு நிற்கவே இல்லை, அப்படியே அழுகையாக மாறி அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அல்லாவே, இத்தனை நாளும் இந்த மனுஷர் உள்ளேதான் இருந்திருக்கிறார். அவள் பேசின ஊர்க்கதை அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டினதும் சரி, அவரையே சலித்துக்கொண்டு திட்டினதும் சரி, ஒன்று விடாமல்.

அடுத்து வந்த நாட்களில் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. துண்டும் கையுமாக அவர் பக்கத்திலேயே இருந்தாள். சோற்றுக்கு எத்தனை கரண்டி, தலைக்கு எத்தனை தலகாணி, எல்லாவற்றுக்கும் விரல். ஒரு விரலைப் பிடித்தால் ஆமா, உதறினால் இல்லை. துண்டை எடுத்துவிட்டுக் கேட்டால் மட்டும் கை பழையபடி மடியில் கட்டையாகக் கிடந்தது. நோய் அவரிடமிருந்து எதையெல்லாமோ பிடுங்கியிருந்தது, ஆனால் தொழில் பழக்கத்தைத் தொட முடியவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்கு மலைப்பாக இருந்தது. குழம்பில் உப்பு கூடிப்போச்சா என்று கேட்டதற்கு, ஒரு விரலைப் பிடித்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, அழுத்தி இன்னொரு தடவை பிடித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சமையலைக் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

போனில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. "நரம்பு அப்பப்ப இழுக்கும்மா, நீங்களா ஒண்ணை நெனைச்சுக்கிறீக" என்றான் ஹக்கீம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். ஹக்கீம் காரை வாசலிலேயே திருப்பி நிறுத்தினான். சுமைரா அத்தாவின் துணிமணிகளை மடித்து வைக்கப் பை கொண்டுவந்திருந்தாள். பைரோஜா பையை வாங்கி மூலையில் போட்டாள்.

"மொதல்ல அத்தாகிட்டப் பேசுங்க. அப்புறம் மதுரையைப் பாக்கலாம்."

சுமைரா அவர் முன்னால் மண்டியிட்டு, தன் விரல்களை விரித்துக் காட்டினாள். "அத்தா, எனக்கு ரெண்டு வெரல் காட்டுங்க பாப்போம்."

கை அசையவில்லை. சுமைராவின் கண் நிறைந்தது. "பாத்தீகளாம்மா?"

"ஒங்க அத்தா என்னைக்குடி வெட்டவெளியில வெரலைக் காட்டியிருக்காக? மண்டியில யாராவது பாத்திருக்கானா? அதான் அந்த டாக்டருக்கும் காட்டலை!" என்று பொரிந்தாள் பைரோஜா. துண்டை எடுத்து அவர் கை மேல் போட்டாள். "ஏலே ஹக்கீமு, கையை உள்ள விடு."

ஹக்கீம் தயங்கித்தான் விட்டான். சுமைரா யோசித்தாள். யாருக்கும் சந்தேகம் வராத கேள்வியாக இருக்க வேண்டும், தப்பாகப் போனால் அம்மாவும் ஒப்புக்கொள்கிற கேள்வியாகவும் இருக்க வேண்டும்.

"அத்தா, ஒங்களுக்குப் பிள்ளைக எத்தனை பேரு?"

துண்டு அசைந்தது. ஹக்கீமின் முகம் முதலில் மலர்ந்து, பிறகு வாடியது.

"என்னண்ணே?"

"மூணு வெரலைப் பிடிக்காக."

"இன்னொரு தடவை கேளுண்ணே."

கேட்டான். மறுபடியும் துண்டு அசைந்தது. ஹக்கீம் தலையை ஆட்டினான். "மூணுதான். நல்லா அழுத்திப் பிடிக்காக." குரலைத் தாழ்த்தி, "அம்மா, நாங்க சொன்னது இதான். கை என்னமோ பிடிக்குது, கணக்கு இல்லை. நீங்க மனசைத் தேத்திக்கணும்" என்றான்.

பைரோஜா நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சுமைரா தண்ணீர் எடுக்க எழுந்தாள்.

"இரு" என்றாள் பைரோஜா. "கணக்கு சரிதான்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஹக்கீமுக்கு முன்னால ஒரு பொம்பளைப் பிள்ளை. சாத்தூர்ல எங்க அம்மா வீட்டுல பெத்தேன். இவுகதான் காதுல பாங்கு சொன்னாக. பத்து நாளுகூடத் தங்கலை. அதைப் பத்திப் பேசினா அடுத்த பிள்ளைக்கு ஆகாதுன்னு பெரியவுக சொன்னாக, பேசலை. அப்புறம் பேசவே இல்லை."

அதற்கு மேல் சொன்னதை அவள் பிள்ளைகளுக்குச் சொன்னாளா, அவருக்குச் சொன்னாளா என்று தெரியவில்லை. வெள்ளைத்துணியில் சுற்றின பிள்ளையை யாரிடமும் கொடுக்காமல் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உதுமான் அடக்கம் பண்ணக் கபர்ஸ்தானுக்கு நடந்து போனார். திரும்பி வந்தவர் ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டார். கல்நெஞ்சுக்காரன் என்று அன்றைக்கு நினைத்தாள். இந்த வயசு வரைக்கும் அதை நினைத்துக்கொண்டேதான் இருந்தாள். எத்தனை சண்டையில் நாக்கு நுனி வரைக்கும் வந்து, விழுங்கியிருக்கிறாள். யாராவது பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் அவர் "அல்லா குடுத்தது இருக்கு" என்பாரே தவிர, ஒரு நாளும் இரண்டு என்று சொன்னதில்லை. அது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன்னுடைய பேச்சையே இழந்த மனுஷர் அந்தப் பிள்ளையை இழக்கவில்லை.

"நீங்க மறந்துட்டீகன்னு நெனைச்சேங்க" என்றாள் அவரைப் பார்த்து. "என்னை மன்னிச்சிருங்க."

உதுமானின் கண்ணிலிருந்து நீர் இறங்கி, கோணிக்கொண்ட வாயோரமாக வழிந்தது. ஹக்கீம் தன் கையைத் துண்டுக்குள்ளிருந்து எடுக்கவில்லை. மற்ற கையால் சட்டைப்பையில் இருந்த போனை எடுத்து மதுரைக்குப் போட்டான். "இடம் வேண்டாம் சார். எங்க அத்தா இனி வீட்டுலதான் இருப்பாக" என்று மட்டும் சொல்லி வைத்தான்.

சுமைரா அண்ணனை நகர்த்திவிட்டுத் தன் கையைத் துண்டுக்கு அடியில் விட்டாள். அந்தக் கை இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"நான் எத்தனாவது பிள்ளை அத்தா?"

சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஒவ்வொன்றாகச் சேர்த்து, மெதுவாக, தப்பு வந்துவிடக் கூடாது என்பது போல அவர் பிடித்தார். பிடித்த பிடியை விடவில்லை.

சுமைரா அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ரெண்டாவதுண்ணே" என்றாள். "நான் மூணாவது."