கறுப்பில் ஒரு மஞ்சள்

ஜோசபின் தன் தங்கை மகனுக்குத் தைத்துக் கொடுத்த குயில்ட், தங்கை வீட்டு பீரோவின் மேல் ஒரு பழைய சூட்கேஸுக்கு அடியில் கிடந்தது. குழந்தையின் முகம் துடைக்கத் துண்டு எடுக்கப் போனவள் அண்ணாந்து பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஞானஸ்நானத்தன்று அவள் கட்டிக் கொடுத்த ரிப்பன்கூட மாறாமல் திரும்பக் கட்டப்பட்டிருந்தது. ஒருமுறை பிரித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று வைத்ததுபோல இருந்தது.

துண்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தங்கை ஐரின் மகனை மடியில் வைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தரையில் ஒரு வெள்ளைப் பருத்தி விரிப்பு, அவ்வளவுதான்.

"காபி போடுறேன்க்கா, இரு."

"இல்ல, பஸ்ஸு போயிரும். நான் வாரேன்."

ஐரின் இருக்கும் பரவையிலிருந்து மதுரைக்குள் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை. திருப்பரங்குன்றத்தில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருப்பவள் ஜோசபின். மிஷன் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களும் இப்போது குறைந்துவிட்டார்கள். பள்ளி விட்டு வந்தால் அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் இந்த குயில்ட்தான். சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து மேல்பக்கம், அடியில் ஒரே துணி, நடுவே மெல்லிய பஞ்சு, மூன்றும் ஒட்டி நிற்கும்படி முழுக்கக் கையால் ஓட்டும் தையல். மதுரை வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று யாராவது கேட்டால், "போத்திக்க இல்ல, விரிச்சுக்க" என்பாள்.

தங்கை மகன் ஆன்சனுக்குத் தைத்ததில் அவளிடம் இருந்த நல்ல துணியெல்லாம் இருந்தது. யானை போட்டது, கிளி போட்டது, சுங்குடிப் புள்ளி, ரோஜாக் கொத்து, பட்டைக் கோடு, கட்டம். தெரிந்த தையல்கடைகளில் எல்லாம் சொல்லி வைத்து மிச்சத் துணி வாங்கிச் சேர்த்தது. ஒரு குழந்தை அதன் மேல் படுத்துக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தடவிப் பார்க்கும் என்று நினைத்து நினைத்துத் தைத்தது. அதற்குப் பீரோ மேல்தான் இடம்.

அதன் பிறகு அவளாக ஐரினுக்குப் போன் செய்யவில்லை. ஐரின் அனுப்பிய போட்டோக்களுக்கு ஒரு கும்பிடு பொம்மையோடு நிறுத்திக்கொண்டாள். இரண்டு வாரம் கழித்து ஐரினே கூப்பிட்டாள்.

"அக்கா, நாளைக்கு இவனைக் கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவருக்கு லீவு கிடைக்கல. நீ கூட வரியா?"

"கண்ணாஸ்பத்திரியா? எதுக்கு?"

"வாக்கா. வந்து பாரு."

அங்கே அவர்களை அழைத்துப் போன அறையில் ஜன்னல்கள் மூடியிருந்தன. ஒரு சுவர் முழுக்கக் கறுப்புத் திரை. குழந்தைகளுக்குப் பார்வைப் பயிற்சி கொடுக்கும் பவதாரிணி என்ற இளம்பெண், தன் உடுப்பின் மேல் கறுப்புத் துணி ஒன்றை மாட்டிக்கொண்டு ஆன்சனுக்கு எதிரே உட்கார்ந்தாள். பேசவில்லை. ஒரு மஞ்சள் பந்தை எடுத்துத் திரைக்கு முன்னால் மெல்ல நகர்த்தினாள்.

ஆன்சன் வழக்கம்போல எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. "நம்ம அப்பா மாதிரி, ஒருத்தரையும் சட்டை பண்ண மாட்டேங்கிறான்" என்று ஜோசபினே எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள். பந்து இடதுபக்கம் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவன் தலை, காற்றில் கதவு திரும்புவதுபோல, மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. கண்கள் பந்தில் வந்து நின்றன.

ஜோசபின் பக்கத்திலிருந்த நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் எதையாவது பார்த்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்குங்க" என்றாள் பவதாரிணி, பிறகு. "பிறக்கும்போது மூச்சுத் திணறல் இருந்துச்சுல்ல, அதுல மூளைக்குக் கொஞ்சம் பாதிப்பு. கண்ணு பாக்குறத மூளை பிரிச்சு எடுக்கணும், அது அவனுக்குச் சிரமம். பெரியார் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறப்ப யாரோ நம்மளப் பேர் சொல்லிக் கூப்பிட்டா காதுல விழுமா? சத்தம் எல்லாம் கேக்கும், நம்ம பேரு மட்டும் கேக்காது. அந்த மாதிரிதான். பூ, படம், கோடுன்னு நெறைய இருந்தா அவனால முடியாது. ஒரே கலரா, பிளெயினா, பளிச்சுன்னு இருந்தா பாப்பான். பாக்கப் பாக்கக் கூடும்."

வெளியே நடைக்கூடத்துப் பெஞ்சில் ஐரின் மகனைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"நீ குடுத்ததை அன்னைக்கே விரிச்சேன்க்கா. அதுல போட்டதும் கண்ண இறுக்க மூடிட்டு அழுதான். மறுநாளும் போட்டுப் பாத்தேன். அப்பதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு."

"என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?"

"அவருதான் யாருக்கும் தெரிய வேண்டாம்னாரு. சரியாயிரும், அதுக்குள்ள எதுக்கு ஊரெல்லாம்னு. எழுமலையில அவங்க அம்மாவுக்கே இன்னும் தெரியாது."

ஜோசபின் குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். தான் கட்டியிருந்த பூப்போட்ட சேலையை அப்போதுதான் கவனித்தாள்.

அந்த வாரக் கடைசியில் விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் ஒரு மேட்சிங் சென்டருக்குப் போனாள். சேலைக்குப் பொருத்தமான ரவிக்கைத் துணி மட்டும் விற்கிற கடை. தரையிலிருந்து கூரை வரைக்கும் பூவோ புள்ளியோ இல்லாத வெறும் வண்ணம், ஒரு சிவப்புக்குப் பக்கத்தில் அதைவிட ஒரு மாற்றுக் குறைந்த சிவப்பு என்று அடுக்கடுக்காக. இத்தனை வருடத் தையலில் பிளெயின் துணியை அவள் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. இரண்டு பூத்துணிக்கு நடுவே கண் இளைப்பாற ஒரு துண்டு வைப்பாள், அதோடு சரி.

"சேலையக் காட்டுங்கக்கா" என்றார் கடைக்காரர் சுருளி.

"சேலை இல்லண்ணே. துணி மட்டுந்தான் வேணும்."

"சேலை இல்லாம எதுக்கு மேட்சிங் பண்றது?"

"எதுக்கும் இல்ல. எனக்குப் பிடிச்ச கலரு எடுத்துக்கிறேன்."

சுருளி, "இருபது வருசத்துல இப்படி யாரும் கேக்கல. எடுங்க, எடுங்க" என்று ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அவளுக்குக் கை நிற்கவில்லை. கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், ராமர் நீலம், குங்குமச் சிவப்பு, கத்தரிப்பூ நிறம். வீட்டுக்கு வந்து வெட்டி இணைக்கத் தொடங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. பூத்துணியில் ஒரு மூலை நூலளவு விலகினால் பூக்களுக்குள் அது மறைந்துபோகும். இங்கே சிவப்பு நீலத்துக்குள் ஒரு நூல் எட்டிப்பார்த்தாலும் விழுந்த பல் போலத் தெரிந்தது. நல்ல கைத்தையல்காரி என்று பெயர் வாங்கியிருந்தவளுக்கு, அதில் பாதிப் பெயரைத் துணியிலிருந்த பூக்கள்தான் வாங்கித் தந்திருக்கின்றன என்று பட்டது. பிரித்தாள், தைத்தாள், மறுபடி பிரித்தாள். முடித்துக் கட்டிலில் விரித்தபோது அந்த அறைக்கே வெளிச்சம் கூடியது போலிருந்தது. இதுவரை தைத்ததில் இதுதான் சிறந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த பயிற்சி நாளில் அதை எடுத்துக்கொண்டு போனாள். பவதாரிணி பிரித்துப் பார்த்து, விளிம்பைத் தடவினாள்.

"ரொம்ப அழகா இருக்கு மேடம். நானே எடுத்துக்கலாம் போல இருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ஆன்சனுக்கு இது இன்னும் கூட்டந்தான். ஒரு கலர். கூடிப்போனா ரெண்டு."

ஆன்சனை அதன்மேல் கிடத்தினார்கள். அழவில்லை. முகத்தை மட்டும் ஒருபக்கமாகத் திருப்பிக்கொண்டான்.

"பரவாயில்லக்கா, பெரியவனானதும் போட்டுக்குவான்" என்றாள் ஐரின்.

ஜோசபின் குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு குயில்ட்டை மடித்தாள். அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு கலரில் தைப்பதற்குப் பெயர் குயில்ட்டா? கடையில் ஒரு துணி வாங்கி ஓரம் அடித்துக் கொடுத்தால் போதாதா? அந்தக் கோபம் நாலைந்து நாள் இருந்தது. பள்ளி அலுவலகத்தில் ஒரு பையனின் மாற்றுச் சான்றிதழை இரண்டு முறை தப்பாக அடித்தாள். பிறகு ஒரு மாலை மறுபடி சுருளியின் கடைக்குப் போய், கறுப்பும் மஞ்சளும் மட்டும் வாங்கி வந்தாள்.

கறுப்பைக் கட்டிலில் விரித்துவிட்டு அதன் முன்னால் கத்திரிக்கோலோடு நின்றாள். குழந்தைக்கென்று அவள் கறுப்பைத் தொட்டதே இல்லை. நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம், பெரிய தோசை அளவுக்கு. வளைவில் துணி சுருங்காமல் உட்கார வைப்பது எத்தனை சிரமம் என்று தைப்பவர்களுக்குத் தெரியும். சதுரமாக வைத்திருக்கலாம். ஆனால் அவன் பார்த்தது பந்தைத்தானே.

மஞ்சளைச் சுற்றிக் கறுப்பு விரிந்து கிடந்தது. அதையும் அப்படியே விட முடியாது. தையல் ஓட்டாவிட்டால் உள்ளே பஞ்சு உருண்டுவிடும். கறுப்பு நூலை ஊசியில் கோத்து, மஞ்சளின் விளிம்பிலிருந்து வெளியே, குளத்தில் கல் விழுந்தால் அலை போவதுபோல வட்டம் வட்டமாகத் தைத்துக்கொண்டே போனாள். கறுப்பில் கறுப்பு. அவளுக்கே தையல் சரியாகத் தெரியவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, இடதுகை விரலால் மேட்டைத் தடவித் தடவித்தான் அடுத்த வட்டத்தை நிதானித்தாள். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அவள் அவசரப்படவில்லை. அந்த வேலையில் என்னவோ ஓர் அமைதி வந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து பரவைக்குப் போனாள். ஐரினின் கணவன் தனிஸ்லாஸ் வீட்டிலிருந்தான். கூட்டுறவு வங்கியில் கிளார்க், அதிகம் பேசாதவன். பையிலிருந்து அவள் எடுத்ததும் அவன் முகம் மாறியது.

"என்ன மதினி, கறுப்பா இருக்கு?"

"அவனுக்குத்தான்."

"பச்சப்புள்ளைக்கு இப்படியா? துக்க வீட்டுல போடுற மாதிரி இருக்கு. வாரவங்க போறவங்க கேட்டா என்ன சொல்றது? எங்க அம்மா அடுத்த வாரம் வாராங்க."

ஐரின் வாயைத் திறந்தாள். ஜோசபின் கையைக் காட்டி அவளை நிறுத்தினாள்.

"ஒருவாட்டி விரிச்சுப் பாப்போம் தம்பி. வேண்டாம்னா நானே எடுத்துட்டுப் போயிடுறேன்."

கூடத்தில் விரித்தார்கள். ஐரின் மின்விசிறியைக் குறைத்து, டிவியை நிறுத்திவிட்டு, மகனைக் குப்புறக் கிடத்தினாள். அவன் கன்னத்தைத் துணியில் வைத்துக்கொண்டு அப்படியே கிடந்தான். தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போனாள். தனிஸ்லாஸ் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஜோசபினுக்கு அவனைப் பார்க்கப் பயமாயிருந்தது.

முதலில் அசைந்தவை விரல்கள்தான். தையல் மேட்டில் சுட்டுவிரல் தட்டி நின்றது. பிறகு அதன் வழியே கொஞ்ச தூரம் போனது, பள்ளத்தில் இறங்கியது, அடுத்த மேட்டில் ஏறியது. அப்படியே ஒவ்வொரு அலையாக உள்ளே வந்துகொண்டிருந்தது. மஞ்சளின் விளிம்பில் கை வந்து நின்றதும் ஆன்சன் தலையைத் தூக்கினான். கழுத்து ஆடியது. கண்கள் அங்கே இங்கே போய்விட்டு மஞ்சளுக்கு வந்தன. நின்றன.

தனிஸ்லாஸ் கதவை விட்டு வந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அப்படியே தரையில் படுத்துவிட்டான், மகனுக்கு எதிரே. தயங்கித் தயங்கிக் கையை நீட்டி மஞ்சள் வட்டத்தின் நடுவில் வைத்தான். மாநிறமான, ரோமம் அடர்ந்த, மோதிரம் போட்ட கை. ஆன்சன் அதைப் பார்த்தான். தனிஸ்லாஸ் ஒரு விரலை அசைத்தான். ஆன்சனின் கண்கள் அந்த விரலோடு போயின.

"என் கையப் பாக்குறான்" என்றான் தனிஸ்லாஸ், மெதுவாக, யாரிடமென்றில்லாமல்.

ஐரின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ஜோசபின் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தைத்த விரல் இன்னும் வலித்தது.

ஆன்சன் களைத்துத் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போகும் வரை தனிஸ்லாஸ் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, சட்டையை உதறிவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். திறந்த கதவு வழியே அவன் குரல் கேட்டது.

"அம்மா, ஆன்சன் கண்ணைப் பத்தி ஒண்ணு சொல்லணும். நீங்க பயப்படக் கூடாது, முழுசாக் கேளுங்க."

ஆஸ்பத்திரியில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். பிளெயின் துணி பற்றியும் சொன்னான். பிறகு வெகுநேரம் அந்தப் பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி உள்ளே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. போனை ஜோசபினிடம் நீட்டினான்.

"அம்மா கேக்குறாங்க மதினி. எனக்குச் சொல்லத் தெரியல."

ஜோசபின் போனைக் காதில் வைத்தாள். எழுமலையிலிருந்து ஓர் உரத்த, உறுதியான குரல் வந்தது.

"ஏம்மா, அப்ப நான் வாரப்ப என்ன கலரு சேலை கட்டிட்டு வரணும்? எங்கிட்ட இருக்கிறது பூராம் பூப்போட்டதுதானே."

ஜோசபின் தூங்குகிற குழந்தையைப் பார்த்தாள்.

"மஞ்சள் கட்டுங்க அத்தை" என்றாள். "கரை சின்னதா இருக்கட்டும். இல்லன்னா சொல்லுங்க, நாளைக்கு விளக்குத்தூண் பக்கம் போறேன், பாத்து எடுத்துட்டு வாரேன்."