கர்னல் எண்ணிக்கொண்டிருந்தார்

மனிதகுலம் நிம்மதியாகத் தூங்குகிறது என்றால், எங்கோ ஒருவர் விழித்திருக்கிறார் என்று அர்த்தம். கோட்டை மதில்மேல் தீவட்டியோடு நின்றவர், கலங்கரை விளக்கில் எண்ணெய் ஊற்றியவர், எல்லையில் பனியில் விறைத்தவர் என்று நீளும் அந்த மகத்தான வரிசையின் இன்றைய வாரிசு, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறைத் தலைவர், அன்று காலை தன் பாஸ்வேர்டை மறுபடி மறுபடி தப்பாக அடித்துக்கொண்டிருந்தார். கீபோர்டில் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

அவருக்குக் கமாண்டர் என்று பெயர். வைத்தவர்கள் அதே அறையில் வேலை பார்க்கிறவர்கள். மவுஸைத் தொடுவது கௌரவக் குறைச்சல் என்று எல்லாவற்றையும் கருப்புத் திரையில் கமாண்ட் அடித்தே செய்வார் என்பதால் கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பதவி உயர்வாக எடுத்துக்கொண்டார்.

கமாண்டரின் கீழே ஒரு கர்னல் இருந்தது. கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கும் மென்பொருளுக்குக் கர்னல் என்று பெயர். வார்டிலிருந்து வரும் செய்திப் பொட்டலங்களை வாங்கி உரிய புரோகிராமிடம் சேர்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. அந்தப் புரோகிராம் மூச்சு விட முடியாமல் திணறினால் பொட்டலங்கள் பஃபர் என்ற தட்டில் சேரும். தட்டு நிறைந்தால் கர்னல் அடுத்து வருவதைக் கீழே போட்டுவிட்டு, போட்டதை எண்ணி வைத்துக்கொள்ளும். கத்தாது, மணியடிக்காது. கேட்டால் மட்டும் சொல்லும்.

முதல்முறை இதை டைரக்டரிடம் விளக்கியபோது, "கர்னல் எல்லாத்தையும் எண்ணிக்கிட்டே இருக்கார் சார்" என்றார் கமாண்டர்.

"அப்படியா? ரிட்டயர்டு மிலிட்டரியா? நல்ல ஆளாத்தான் போட்டிருக்கீங்க" என்றார் டைரக்டர்.

கமாண்டர் திருத்தவில்லை. தனக்குக் கீழே ஒரு கர்னல் இருப்பது கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் கமாண்டுக்கு என்ஸ்டாட் என்று பெயர். கடைசியாகக் கேட்டதிலிருந்து இதுவரை என்னென்ன கூடியது என்று வரிவரியாகச் சொல்லும். கூடாத எதற்கும் வரி இருக்காது. கமாண்டர் தன் அறைச் சுவரில் கதவளவு டிவி ஒன்றை மாட்டி, இரண்டு செகண்டுக்கு ஒருமுறை என்ஸ்டாட் தானாக ஓடும்படி செய்திருந்தார். கருப்பில் பச்சை எண்கள் துள்ளிக்கொண்டே இருக்கும். சோபாவில் உட்கார்ந்த டைரக்டருக்கு எழுத்து சின்னதாகத் தெரிந்ததால் பெரிதாக்கினார். இன்னும் கொஞ்சம் என்றபோது இன்னும் பெரிதாக்கினார். கடைசியில் எழுத்து கட்டைவிரல் உயரத்துக்கு வந்தது. கீழ்ப்பாதி வரிகள் திரைக்கு வெளியே போய்விட்டன. அவற்றை யாரும் தேடவில்லை. மேலே இருந்தவையே போதுமான அளவு துள்ளின.

இந்தக் கம்ப்யூட்டரை நம்பித்தான் அமைதி வார்டு வந்தது. கட்டிலருகே கருவிகள் பீப் பீப் என்று அலறி நோயாளிகளைத் தூங்கவிடாமல் செய்வதை ஒழிக்க வேண்டும், கட்டிலில் விளக்கு மட்டும் எரியட்டும், சத்தம் நெட்வொர்க் வழியாக நர்ஸ் மேஜைக்குப் போய்ச் சேரட்டும் என்பது கமாண்டரின் யோசனை. அதற்குத்தான் அன்று பாராட்டு விழா. விழாவை எல்லா வார்டு டிவியிலும் நேரடியாகக் காட்டுவதற்கு இன்னொரு கம்ப்யூட்டர் கேட்டால் டைரக்டர் முகம் சுளிப்பார். அலாரம் கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது என்று வீடியோ வேலையையும் கமாண்டர் அதன் தலையிலேயே கட்டினார். முந்தின நாளிலிருந்து ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

அமைதி வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் கமாண்டரின் மாமனார் கிடந்தார். தொண்டையில் ஆபரேஷன். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்குக் குழாய் வைத்திருந்தார்கள். சரக்கு ரயில் ஓட்டிய காலத்தில் இஞ்சின் இரைச்சலை மீறிப் பேசிப் பழகிய குரல். இப்போது அவரால் முனகக்கூட முடியாது. குழாயில் சளி அடைத்தால் கருவிதான் அவருக்காகக் கூப்பிட வேண்டும். "அப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று மனைவி சொன்னபோது, "என் கண் முன்னாடிதானே இருக்கார்" என்று சுவர் டிவியைக் காட்டியவர் கமாண்டர்.

பாஸ்வேர்டு ஒருவழியாகச் சரியானபோது மச்சினி உள்ளே வந்தாள். மனைவியின் தங்கை, அதே வார்டில் நர்ஸ்.

"அத்தான், மறுபடியும் அதே கதை. அப்பா கட்டில்ல லைட் எரியுது. மேஜைல சத்தமே இல்ல. தற்செயலா அந்தப் பக்கம் போனேன், பாத்தேன். போகலன்னா?"

"ஒயர் லூசா இருக்கும்."

"ஒயர்க்காரர் வந்து ஆட்டிப் பாத்துட்டுப் போயிட்டார். ஒயர் உங்களைவிட டைட்டா இருக்காம்."

கமாண்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற பெயரில் அலாரம் கம்ப்யூட்டருக்குள் போனார். சுவர் டிவியும் அதே பெயரில்தான் உள்ளே போயிருந்தது. அந்த அறையில் எல்லாருமே ரூட்தான். ஒரே குடும்பம் மாதிரி என்று அதைப் பெருமையாகச் சொல்வார். என்ஸ்டாட் என்று அடித்து, எண்டர் விசையைப் பியானோக்காரர் மாதிரி தட்டினார். நாலைந்து வரி வந்தது.

"பாரு. கர்னல் ஏதாவது பொட்டலத்தைக் கீழே போட்டிருந்தா இங்க எரர்ஸ்னு ஒரு வரி இருக்கும். இருக்கா?"

"இல்ல."

"வரி இல்லன்னா தப்பு இல்ல. நான் தினமும் அடிச்சுப் பாக்கறேன், ஒருநாளும் வந்ததில்ல. கர்னல் பொய் சொல்லமாட்டார்."

"கர்னல் ஒண்ணும் சொல்லலையே அத்தான். நீங்கதானே சொல்லிட்டிருக்கீங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது, விடு. விழாவுக்குப் பூங்கொத்து கொடுக்கிறது நீதான். மறந்துடாத. உங்க வார்டு நர்ஸுங்க எல்லாரும் வரணும், டைரக்டர் போட்டோ கேக்கறார்."

"எல்லாரும் வந்துட்டா வார்டை யாரு பாக்கறது?"

"மேஜைல ஒருத்தர் உக்காந்தாப் போதும். அதுக்குத்தானே இவ்வளவும் பண்ணியிருக்கு!"

மச்சினி சுவரைப் பார்த்தாள். பச்சை எண்கள் துள்ளின. அவள் வெளியே போனாள். கதவு அவள் பின்னால் மெதுவாகச் சாத்திக்கொண்டது. அவள் அறைந்து சாத்தியிருந்தால் கமாண்டருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

விழா அந்த அறையிலேயே நடந்தது. டைரக்டர், அவருக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுகள், ஓரத்தில் நர்ஸ்கள், நடுவில் போட்டோக்காரர். வீடியோ கேமராவின் சிவப்புப் பொட்டு எரிந்தது. எல்லா வார்டு டிவியிலும் கமாண்டரின் முகம் வந்தது. அலாரம் கம்ப்யூட்டரின் காற்றாடி விமானம் கிளம்புகிற மாதிரி இரைந்தது. கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"இப்ப நீங்க பாக்கறது பழைய கணக்கு இல்ல சார்" என்றார் கமாண்டர், சுவரைக் காட்டி. "இந்த ரெண்டு செகண்டுக்குள்ள என்ன நடந்ததோ அது. அதுக்கு முன்னாடி நடந்த எதுவும் இங்க இருக்காது. அப்பப்ப, சுடச்சுட."

"கர்னல் வரலையா? அவரையும் போட்டோல நிக்கச் சொல்லுங்க" என்றார் டைரக்டர்.

"அவர் டியூட்டில இருக்கார் சார்."

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார். "சார், டிவில எழுத்து ரொம்பப் பெருசு. டைரக்டர் தலைக்குப் பின்னாடி ரெண்டு எழுத்துதான் தெரியுது. கொஞ்சம் சின்னது பண்ணுங்க, நிறைய இருந்தா படம் எடுப்பா இருக்கும்."

கமாண்டர் தோரணையாக விசையைத் தட்டினார். எழுத்து சுருங்கியது. கீழே இருந்து புதிய வரிகள் மேலே ஏறி வந்தன. எத்தனையோ நாளாக வெளியே நின்றவை ஒன்றன்பின் ஒன்றாக அறைக்குள் நுழைவது போல இருந்தது.

டைரக்டர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடுவில் வந்த ஒரு வரியை எழுத்துக்கூட்டி வாசித்தார். "யூடிபி... ரிசீவ்... பஃபர்... எரர்ஸ். இதென்னப்பா, எரர்ஸ்னு இருக்கு? பக்கத்துல எண் வேற."

"அது... அது பழைய கணக்கு சார்."

"நீங்கதானே இப்ப சொன்னீங்க, ரெண்டு செகண்டுக்குள்ள நடந்ததுன்னு?"

திரை புதுப்பித்துக்கொண்டது. அதே வரி, வேறு எண். மறுபடியும். அதைவிடப் பெரிய எண். கர்னல் ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொண்டிருந்தது: போட்டேன், போட்டேன், இதையும் போட்டேன். எதைப் போட்டது, எந்தக் கட்டிலின் பொட்டலம் என்று மட்டும் அது சொல்லவில்லை. அந்தக் கணக்கு அதனிடம் கிடையாது.

கமாண்டர் போனை எடுத்து நர்ஸ் மேஜையைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அவர் திரும்பி மச்சினியைத் தேடினார். அவள் நின்ற இடத்தில் பூங்கொத்து மட்டும் தரையில் கிடந்தது.

அவரும் ஓடினார். இடைவழியில் இருந்த டிவிகளில் அவர் நின்ற இடம் காலியாக இருக்க, பக்கத்தில் கண்ணாடியைத் துடைக்கும் டைரக்டர் தெரிந்தார். அமைதி வார்டு பெயருக்கேற்றபடி இருந்தது. நர்ஸ் மேஜைத் திரை முழுக்கப் பச்சை. எந்தக் கட்டிலிலும் எந்தக் குறையும் இல்லை என்றது. மேஜை நாற்காலி காலி. ஜன்னலோரக் கட்டிலுக்குமேல் சிவப்பு விளக்கு சத்தமில்லாமல் எரிந்து எரிந்து அணைந்தது.

மாமனாரின் முகம் சிலேட்டு நிறத்தில் இருந்தது. மேஜையில் உட்கார வேண்டிய நர்ஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்க, மச்சினி கழுத்துக் குழாய்க்குள் உறிஞ்சும் குழாயை விட்டுச் சளியை இழுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கருவியின் கொரகொர சத்தம்தான் வார்டில் இருந்த ஒரே சத்தம்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றார் கமாண்டர், தூணைப் பிடித்துக்கொண்டு.

நர்ஸ் தலையைத் திருப்பாமல் பேசினாள். "டப்பாவைத் தள்ளிவிட்டார் சார். பக்கத்துக் கட்டில்காரர் விழா பாத்திட்டு இருந்தவர் கத்தினார்."

கமாண்டர் கீழே பார்த்தார். மாமனாரின் மூத்திர டப்பா கட்டிலடியில் உருண்டு கிடந்தது. கமாண்டரின் காலணி நனைந்திருந்தது.

"அத்தான், தள்ளி நில்லுங்க" என்றாள் மச்சினி. அதற்குமேல் அவள் அன்று அவரிடம் பேசவில்லை.

மாமனார் பிழைத்தார். எவ்வளவு நேரம் மூச்சில்லாமல் இருந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. கண் திறந்தார், மகளைப் பார்த்து உதட்டை அசைத்தார், மூத்த மருமகன் பக்கம் பார்வை வந்தபோது அப்படியே தாண்டிச் சுவருக்குப் போய்விட்டது. போகப்போகத்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். அடையாளம் தெரியாமலா, தெரிந்தேவா என்று அவரிடம் கேட்க கமாண்டருக்குத் துணிவு வரவில்லை.

அறைக்குத் திரும்பியவர் கதவைச் சாத்திவிட்டு, தினமும் தான் அடித்துப் பார்த்தபோது ஏன் அந்த வரி ஒருநாளும் வரவில்லை என்று யோசித்தார். கடைசியில் என்ஸ்டாட்டின் கையேட்டைத் திறந்தார். ஒரே பெயரில் உள்ளே போகிறவர்களுக்கு அது ஒரே கணக்குத்தான் வைக்கும். ஒருவர் கேட்டு வாங்கிவிட்டால் அடுத்தவருக்கு அதற்குப் பின் கூடியதை மட்டுமே காட்டும். சுவர் டிவி இரண்டு செகண்டுக்கு ஒருமுறை கேட்டு வாங்கி, திரைக்குக் கீழே கொட்டிவிட்டது. அவருக்கு வந்ததெல்லாம் மிச்சம். முன்பு யார் கேட்டதையும் பாராமல் ஆரம்பத்திலிருந்து மொத்தத்தைக் காட்டு என்று சொல்ல, கமாண்டோடு ஓர் எழுத்தைச் சேர்த்தால் போதும் என்றும் அதில் இருந்தது.

அந்தக் கமாண்டின் கையேட்டை அவர் முதல்முறை படித்தது அன்றுதான். அது ஒன்றரைப் பக்கம்.